அங்க அடையாளம்

விண்ணப்பப் படிவத்தின் பதினோராவது கட்டத்தில் அங்க அடையாளம் என்று கேட்டிருந்தார்கள். 'இடது புருவத்தின் குறுக்கே ஒரு தழும்பு' என்று அக்கா எழுதினாள். எழுதிவிட்டு, அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறதா என்று சரிபார்ப்பவளைப் போல விரலால் புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த எதிர்க்கடைத் தையல்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. கணவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். ஒரே மகள், மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். பல்கலைக்கழகத்தில் இளங்கலை வகுப்பில் சேருவதற்கான அந்த விண்ணப்பம் மகளுக்கு இல்லை, அக்காவுக்கு.

"வயசு வரம்பு கிடையாதுன்னு போட்டிருக்கும்மா" என்று மகள்தான் அறிவிப்பை எடுத்துவந்து நீட்டினாள். மருந்துக் கடைக்கு வந்த யாரோ மறந்துவிட்டுப் போன தாள். அக்கா அதை அன்று நான்கு முறை படித்தாள். சாப்பிடும்போது ஒரு முறை, பாத்திரம் கழுவிய கையோடு ஒரு முறை, மற்ற இரண்டும் யாரும் பார்க்காதபோது. பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் அவள் வேதியியலில் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்து ஆசிரியரே மறுபடி ஒரு தடவை கூட்டிப் பார்த்தாராம். அதற்கப்புறம் கல்யாணம், ஸ்டூடியோ, குழந்தை. மதிப்பெண் பட்டியல் மட்டும் பிளாஸ்டிக் உறையில் சுருக்கம் விழாமல் இருந்தது.

ஏன் வேதியியல் என்று கேட்டால், அதற்கும் ஸ்டூடியோதான் காரணம். கல்யாணமான புதிதில் இன்னும் பிலிம்தான். படம் கழுவும் இருட்டறைக்கு வேண்டிய மருந்துகளையெல்லாம் கலப்பது அக்காவின் வேலை. தராசில் நிறுத்து, வெந்நீரில் ஒவ்வொன்றாகக் கரைக்க வேண்டும். முதலில் மெட்டால், அப்புறம்தான் சல்ஃபைட். ஒரு நாள் மாற்றிப் போட்டுப் பார்த்தாள். மெட்டால் கரைவேனா என்று ஒற்றைக் காலில் நின்றது. ஏன் என்று கணவரிடம் கேட்டாள். "அது அப்படித்தான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் சொன்னார்" என்றார் அவர். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கும் வேறொருவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். பிலிம் போய், கம்ப்யூட்டர் வந்து, இருட்டறை உடைந்த நாற்காலிகளும் பழைய பெட்டிகளும் போடும் அறையாகிவிட்டது. கேள்வி மட்டும் அக்காவை விட்டுப் போகவில்லை. 'இந்தப் பாடத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்' என்ற கட்டத்தில் அவள் இதைத்தான் எழுதினாள். 'மெட்டாலுக்கு முன்னால் சல்ஃபைட்டைப் போட்டால் மெட்டால் சரியாகக் கரைவதில்லை. ஏன் என்று எனக்குத் தெரிந்த யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிய வேண்டும்.'

"இவ்வளவுதானா? நூறு வார்த்தை எழுதலாம்மா" என்றாள் மகள்.

"இவ்வளவுதான்டி விஷயம்" என்றாள் அக்கா.

அடுத்து போட்டோ. போட்டோக்காரர் வீட்டில் போட்டோவுக்கா பஞ்சம்? கணவர் அவளை ஸ்டூடியோவில் உட்காரவைத்து, விளக்கை இப்படியும் அப்படியும் நகர்த்தி, மோவாயை இரண்டு விரலால் ஒரு நூல் உயர்த்தி, படம் எடுத்தார். அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

இந்த இடத்தில் அவருடைய பட்டப்பெயரைச் சொல்லியாக வேண்டும். ஊரில் அவருக்கு டச்சப் என்று பெயர். பரு, மரு, கருவளையம், அம்மைத் தழும்பு, பல்லிடுக்கு, விரிந்த காது, இவற்றில் எதுவும் டச்சப்பின் கையைத் தாண்டி அச்சுக்குப் போனதில்லை. பிலிம் காலத்தில் பென்சிலைச் சீவிச் சீவி நெகட்டிவிலேயே செய்வார். இப்போது மவுஸ். யாரும் கேட்க வேண்டியதில்லை, அவர் கை பாட்டுக்குப் போய்விடும். பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க வந்த கிழவர்கள் கல்யாணத்துக்கு நிற்கும் மாப்பிள்ளைகளாகத் திரும்பிப் போவார்கள். சந்தோஷமாகத்தான் போவார்கள், குறை சொன்னவர் யாரும் இல்லை.

அக்காவின் படம் வந்தது. வழவழவென்று ஒரு பெண் அதில் இருந்தாள். நெற்றியில் கோடு இல்லை. காதோரம் நரை இல்லை. இடது புருவம் வரைந்துவைத்தது போல முழுசாக இருந்தது.

அக்காவுக்கு அது பழகிப்போன விஷயம். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எடுத்த அவளுடைய எந்தப் படத்திலும் அந்தத் தழும்பு இருந்ததில்லை. கல்யாணமான நாலாம் நாள், இருட்டறையில் குனிந்து நிமிர்ந்தபோது, மருந்து பாட்டில் வைக்கும் பலகையின் முனை புருவத்தைக் கிழித்துவிட்டது. ஐந்து தையல். அன்று சாயங்காலமே அவர் பலகையைப் பெயர்த்து, எக்கினாலும் எட்டாத உயரத்தில் அடித்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு பாட்டில் எடுக்க வேண்டுமென்றாலும் அக்கா முக்காலி போட்டு ஏற வேண்டும். அதைப் பற்றி அவள் எவ்வளவோ புலம்பியிருக்கிறாள். தழும்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை, பார்க்கச் சகிக்கவில்லை, அதனால்தான் அழிக்கிறார் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். முகத்துக்கு நேரே கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்த ஒன்றை மட்டும் மென்று விழுங்கிவிட்டாள். மற்றபடி அவரைப் பற்றி அவளுக்குக் குறையே கிடையாது.

படத்தை ஒட்டினார்கள். கூடுதலாக இரண்டு பிரதி கேட்டிருந்ததால் அதையும் உறைக்குள் போட்டார்கள். பின்பக்கம் வழக்கம்போல ஸ்டூடியோவின் நீல முத்திரை. விண்ணப்பம் போய்விட்டது.

ஐந்து வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. வேதியியலுக்கு நாற்பது இடம். அக்காவின் பெயர் முப்பத்தெட்டாவது. மகள் மருந்துக் கடையிலிருந்து போன் செய்து சொன்னபோது அக்கா குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை விட்டுப்போய், பருப்பு அன்று கஞ்சியாகிவிட்டது. அந்தக் கஞ்சியை டச்சப் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அதற்குள்ளேயே தையல்காரரிடமும், பால்காரரிடமும், பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொல்லிவிட்டிருந்தார்.

பட்டியலின் கீழே ஒரு வரி இருந்தது. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வந்து சரிபார்த்துக்கொள்ளாதவர்களின் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும். காத்திருப்போர் பட்டியலில் அறுபது பேர் இருந்தார்கள்.

வியாழக்கிழமை மகள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு அம்மாவோடு வந்தாள். பல்கலைக்கழக வளாகம் ஊரைத் தாண்டி, பஸ்ஸில் நாற்பது நிமிஷம். சரிபார்ப்புக் கூடத்தில் வரிசை நீளமாக இருந்தது. எல்லாம் மீசை அரும்பிய பையன்கள், கையில் கோப்போடு பெண்பிள்ளைகள். அக்காவுக்குப் பின்னால் நின்ற பெண் மரியாதையாக, "ஆண்ட்டி, பெத்தவங்க உக்கார அந்தப் பக்கம் நாற்காலி போட்டிருக்காங்க" என்றாள்.

"தேங்க்ஸ்மா. நான் நிக்க வேண்டியவ" என்றாள் அக்கா.

அவள் முறை வந்தபோது மணி ஒன்றரை. மேசைக்கு அந்தப் பக்கம், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்த ஒரு அம்மா. படிவம் பார்க்கக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வார், ஆளைப் பார்க்கக் கழற்றுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர் என்று வரிசையிலேயே பேசிக்கொண்டார்கள். கண்ணாடியம்மா கோப்பைப் பிரித்து, படத்தைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"நீ முன்னாடி வாம்மா. அம்மா அப்படி ஓரமா நிக்கட்டும்."

"விண்ணப்பிச்சது எங்கம்மாதான் மேடம்" என்றாள் மகள்.

கண்ணாடி கழன்றது. அக்காவை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடி ஏறியது. படத்தைப் பார்த்தார். அடையாள அட்டையைக் கேட்டார். அரசாங்கக் கேமரா எடுத்த படம் அது. அதில் அக்கா எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவளைப் போல இருப்பாள், தழும்பு நன்றாகத் தெரியும். அந்த அட்டையைக் கண்டாலே டச்சப்புக்கு ஆகாது. பீரோவில் துணிக்கு அடியில் தள்ளிவைத்துவிடுவார்.

"அட்டையில ஒரு முகம். படிவத்துல ஒரு முகம். எதிர்ல ஒரு முகம். இதுல யாருக்கு நான் சீட்டுக் குடுக்கறது?" என்றார் கண்ணாடியம்மா.

"மூணும் நான்தாங்க."

"இந்தப் படம் எப்ப எடுத்தது?"

"ரெண்டு மாசம் முன்னாடி."

"இருபது வருஷம் முன்னாடின்னு சொல்லியிருந்தாகூட நான் யோசிச்சிருப்பேன்மா. அங்க அடையாளம் புருவத்துல தழும்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. படத்துல எங்க?"

கண்ணாடியம்மா உறையிலிருந்த பிரதியை எடுத்துத் திருப்பினார். நீல முத்திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இழுப்பறையைத் திறந்து, கிளிப் போட்ட ஒரு கட்டை எடுத்தார்.

"காலையிலேர்ந்து இதோட ஏழு. ஏழுக்கும் பின்னாடி இதே முத்திரை. வரிசையா அடுக்கினா ஒரே வீட்டுப் புள்ளைங்க மாதிரி இருக்கு. யாரும்மா இந்த ஸ்டூடியோக்காரர்?"

மகள் சுவரைப் பார்த்தாள். அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரர்தாங்க."

கண்ணாடியம்மா கட்டை மறுபடியும் இழுப்பறைக்குள் வைத்தார். சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. கடைசியில், "முகம் இருக்கிறபடி இருக்கிற படம், நாலு மணிக்குள்ள. இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. மத்த ஆறு பேரும் வெளியில பெஞ்சுல உக்காந்திருக்காங்க. பக்கத்துல ஒரு ஸ்டூடியோகூடக் கிடையாது" என்றார்.

பெஞ்சில் ஆறு பேரும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையனுக்குக் கன்னமெல்லாம் பரு, படத்தில் ஒன்றுகூட இல்லை. இன்னொருவனுக்குக் காது, படத்தில் பாதிதான். பல்லிடுக்கு அடைபட்டவள் ஒருத்தி. கடைசியில் உட்கார்ந்திருந்த கறுப்பான பெண்ணின் படம் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது.

"நான் கேக்கவே இல்ல ஆண்ட்டி. அவராவே வெளுக்க வெச்சுட்டார். வீட்டுல எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்க. எனக்குத்தான் அது யாருன்னே தெரியல" என்றாள் அவள். அழுது முடித்திருந்த கண்.

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. தன் சீட்டுப் போய்விடுமோ என்ற பயத்தையும் மீறிக்கொண்டு அந்த வெட்கம் வந்தது. போனை எடுத்தாள்.

"என்னங்க, என்ன பண்றீங்க?"

"ஒரு கல்யாணப் பொண்ணுக்கு மூஞ்சி பண்ணிட்டிருக்கேன். முடிஞ்சுதா? சேத்துக்கிட்டாங்களா?"

"அந்தப் பொண்ணை அப்படியே விட்டுட்டு வாங்க. கேமரா, லேப்டாப், அந்தச் சின்ன பிரிண்டர், வெள்ளைத் துணி, எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"நான் நான் இல்லையாம். நீங்க பண்ணின வேலை. இங்க ஏழு பேர் உக்காந்திருக்கோம்."

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் ஷட்டர் இறங்கும் சத்தம்.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு வந்தது போல டச்சப் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு ஐம்பது. ஸ்கூட்டரின் முன்னால் பிரிண்டர், முதுகில் பை, கழுத்தில் சுற்றிய வெள்ளைத் துணி. பெஞ்சில் இருந்த ஆறு பேரையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் மனசில் இருந்தது அவர் செய்த முகங்கள்தான். அந்தப் பிள்ளைகளுக்கோ அவரை நன்றாகத் தெரிந்தது. ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். டச்சப் திருதிருவென்று விழித்தார்.

"மன்னிச்சுக்குங்க. நல்லது பண்றதா நெனச்சேன்" என்றார்.

"பண்ணினவரே சரி பண்ணட்டும், நான் இங்கயே நிக்கிறேன்" என்று கண்ணாடியம்மா கூடத்திலிருந்து வெளியே வந்துவிட்டார். வாசல் வராந்தாவில், ஜன்னல் வெளிச்சம் விழும் சுவரோரம், மகளும் காதுக்காரப் பையனும் துணியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள்.

"முதல்ல நீ வா" என்றார் டச்சப் மனைவியிடம்.

"பிள்ளைங்க முதல்ல. தப்பு நம்ம வீட்டுது."

"உன் சீட்டு..."

"எடுங்க, நேரம் ஆகுது."

பிரிண்டரில் எட்டுத் தாள் இருந்தது. ஆள் ஏழு. பருப் பையன் முதலில் உட்கார்ந்தான். டச்சப் எடுத்தார், லேப்டாப்பில் ஏற்றினார், அச்சுக்கு அனுப்பினார். ஒரு நிமிஷத்தில் தாள் வெளியே வந்தது. கண்ணாடியம்மா வாங்கிப் பார்த்தார். பையனைப் பார்த்தார். தாளை டச்சப்பின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். படத்தில் அவன் கன்னத்தில் ஒரு பருகூட இல்லை.

"எப்பப் பண்ணினேன்னு எனக்கே தெரியலைங்க. சத்தியமா" என்றார் டச்சப். பையன்தான் முதலில் சிரித்தான். அவன் சிரித்ததும் பெஞ்சு முழுக்கச் சிரித்தது. துணி ஆடியது. கண்ணாடியம்மாவும் கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டார்.

இப்போது தாள் ஏழு, ஆளும் ஏழு.

அதற்கப்புறம் டச்சப் ஒரு காரியம் செய்தார். வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இடது கையால் மவுஸைப் பிடித்தார். இடது கைக்கு டச்சப் தெரியாது. அது தட்டுத் தடுமாறி, அச்சுக்கு அனுப்பும் பொத்தானை மட்டும் கண்டுபிடித்து அழுத்தியது. பரு வந்தது. காது வந்தது. பல்லிடுக்கு வந்தது. வெளியே வரும் ஒவ்வொரு படத்தையும் பிள்ளைகள் கைதட்டி வாங்கினார்கள். கண்ணாடியம்மா பார்த்துத் தலையசைத்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிச் சேர்த்துக்கொண்டார். தேர்வு முடிவு வந்தபோதுகூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள். கறுப்பான பெண்ணின் படம் வந்ததும் டச்சப் அதைச் சட்டென்று கொடுக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இது எவ்வளவு நல்லா இருக்கு. நான் ஏம்மா அப்படிப் பண்ணினேன்?" என்று அவளிடமே கேட்டார்.

"அதை நீங்கதான் சொல்லணும் அங்கிள்" என்றாள் அவள். ஆனால் படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அக்காவின் முறை வந்தபோது மூன்று நாற்பது. மீதி ஒரே தாள். அவள் துணிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவர் கேமராவைத் தூக்கினார். மோவாயை உயர்த்த வழக்கம்போல கை நீண்டது, பாதியில் நின்று திரும்பியது. எடுத்தார்.

திரையில் அக்காவின் முகம் வந்தது. நெற்றிக் கோடு, காதோர நரை, புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் வெள்ளைக் கோடு. பின்னால் கட்டியிருந்த வலது கை எப்போது அவிழ்ந்தது என்று யாருக்கும் தெரியாது. அம்புக்குறி நேராகப் புருவத்தில் போய் உட்கார்ந்தது.

அக்கா எழுந்துவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை எடுங்க."

"இந்த ஒண்ணு மட்டும். வேற எதையும் தொடலை, பாரு. நரையைக்கூட விட்டுட்டேன்."

"பதினோராவது கட்டத்துல எழுதிக் குடுத்திருக்கேன். இதுதான் நான்." அவள் குரல் தழைந்தது. இருபத்திரண்டு வருஷம் விழுங்கிவைத்தது, அந்த வராந்தாவில், அவ்வளவு பேருக்கு நடுவில், வாய்க்கு வந்துவிட்டது. "உங்களுக்கு இது அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?"

டச்சப் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கேள்வி நிஜமாகவே புரியவில்லை.

"அசிங்கமா? எது?"

"என் தழும்பு. ஒரு படத்துலகூட விட்டுவெச்சதில்லையே."

"அட, நீ வேற. அந்தப் பலகையை அடிச்சது யாரு? நான். அளக்காம அடிச்சேன். கல்யாணமாகி நாலு நாளு, உன் உயரம்கூட எனக்குச் சரியாத் தெரியாது. தையல் போட்டப்ப நீ அழலை. வெளியில நின்னு நான்தான் அழுதேன்." அவர் கண் திரையிலேயே இருந்தது. "அதைப் படத்துல பார்க்கிறப்பெல்லாம், இவ மூஞ்சிய நாமதானே கெடுத்தோம்னு வயிறு எரியும். அதான் அழிச்சிடுவேன். அசிங்கமாம். உன்னைப் போய் யாராவது..."

தான் இத்தனை வருஷமாகச் சுமந்ததும் அவர் சுமந்ததும் ஒரே பலகைதான் என்பது புரிந்தபோது, அக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் கண்ணீர். இரண்டும் சேர்ந்து வந்ததில் மூக்கும் ஒழுக ஆரம்பித்தது. மகள் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் கைக்குட்டையை நீட்டினாள்.

"மணி மூணு ஐம்பத்திரண்டு. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டா நானும் என் வேலையைப் பார்ப்பேன்" என்றார் கண்ணாடியம்மா.

டச்சப் மவுஸை மனைவியிடம் கொடுத்துவிட்டார். அச்சுப் பொத்தானை அக்காவே அழுத்தினாள்.

அந்தச் சின்ன பிரிண்டர் ஒரே தடவையில் அச்சடிக்காது. தாளை உள்ளே இழுத்து வெளியே தள்ளி, மஞ்சள் ஒரு முறை, சிவப்பு ஒரு முறை, நீலம் ஒரு முறை என்று ஏற்றும். மஞ்சளில் ஏதோ ஒரு நிழல். சிவப்பில் ஒரு முகம். நீலம் ஏறியபோது அக்கா முழுசாக வந்துவிட்டாள், தழும்போடு. ஏழு பேரும் பிரிண்டரைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். அக்கா தாளை வாங்கிக்கொண்டு, அதற்குள் மேசைக்குத் திரும்பிவிட்ட கண்ணாடியம்மாவைத் தேடிக் கூடத்துக்குள் ஓடினாள். அம்மா ஓடுவதை மகள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

கண்ணாடியம்மா கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பார்த்தார், கழற்றி ஆளைப் பார்த்தார். பழைய படத்தின் மேல் புதிதை ஒட்டி, ஓரத்தில் முத்திரை குத்தினார். சுவர்க்கடிகாரத்தில் நான்கு அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. கையெழுத்துப் போடப் போனவர், 'ஏன் இந்தப் பாடம்' என்ற கட்டத்தில் கண் பட்டு நின்றார்.

"மெட்டால்னா என்னம்மா? அது ஏன் கரைய மாட்டேங்குது?"

"அதுக்குத்தாங்க வந்திருக்கேன்" என்றாள் அக்கா.

"படிச்சுட்டு வந்து எனக்கும் சொல்லுங்க" என்று கையெழுத்தைப் போட்டார் கண்ணாடியம்மா.

வெளியே வராந்தாவில் எழுந்த கூச்சலுக்குக் காவலாளி வந்து எட்டிப் பார்த்தார். ஏழு பேரும் சேர்ந்து நின்று, வெள்ளைத் துணிக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். டச்சப் அதை எடுத்தார். யாரும் கேட்காமலே, "தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தார்.

வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, இருட்டறையைக் காலி செய்தார்கள். உடைந்த நாற்காலிகள் போயின, சுவர் வெள்ளையானது, ஒரு மேசையும் நல்ல விளக்கும் வந்தன. அக்கா படிக்க அந்த அறை. மகள் பழைய புத்தகக் கடையிலிருந்து வேதியியல் புத்தகங்களாக வாங்கிவந்து குவித்தாள். ஒவ்வொன்றும் செங்கல் கனம். அக்கா அவற்றை வைக்க இடம் தேடி அண்ணாந்து பார்த்தாள். பலகை கூரைக்குப் பக்கத்தில் இருந்தது.

"இதை இறக்குங்க" என்றாள்.

"எவ்வளவு?" என்றார் டச்சப், பலகையைப் பார்க்காமல்.

"பழைய இடத்துக்கே."

"வேணாம். திரும்ப இடிச்சுக்குவே."

"அப்ப இருட்டு. இப்ப லைட் போட்டிருக்கீங்க. பாட்டிலுக்கே இருபத்திரண்டு வருஷம் முக்காலி ஏறினேன், புத்தகத்துக்கும் ஏறச் சொல்றீங்களா?"

அவர் அரை மனசாகத்தான் பலகையைப் பெயர்த்தார். ஆனால் இந்தத் தடவை அளக்காமல் அடிப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தார். அக்காவை மேசை முன்னால் நாற்காலியில் உட்காரவைத்து, முதுகை நிமிர்த்தச் சொல்லி, கையை முன்னால் உயர்த்தி நீட்டச் சொன்னார். நாடாவைத் தரையிலிருந்து அவள் விரல் நுனி வரை பிடித்தார். ஒரு தடவை அளந்தார். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். பென்சிலால் சுவரில் கோடு போட்டார். அவளை எழுந்து நிற்கச் சொல்லி, குனிந்து நிமிரச் சொல்லி, தலை எங்கே வருகிறது என்று பார்த்தார். மேசை குறுக்கே இருந்ததால் தலை பலகைப் பக்கமே போகவில்லை. அப்புறம்தான் ஆணி அடிக்க இடம் பார்த்து உளியை எடுத்து, கோட்டின் மேல் பூச்சைச் சுரண்டினார்.

வெள்ளைப் பூச்சுக்கு அடியில் பழைய நீலப் பூச்சு வந்தது. நீலத்துக்கு அடியில் ஒரு ஓட்டை. ஒரு சாண் தள்ளிச் சுரண்டினார், இன்னொரு ஓட்டை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆணி ஓட்டைகள். பென்சில் கோடு அவற்றின் நடுவாக, ஒரு நூல்கூடப் பிசகாமல் போயிருந்தது.

டச்சப் உளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"எனக்குச் சரியாத்தானே அடிச்சிருந்தீங்க" என்றாள். "மேசைதான் இல்லாம இருந்தது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா ஆணியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.